கார்போமர்
அக்ரிலிக் அமிலப் பாலிமர் இழைகளைக் குறுக்குப் பிணைப்புகளால் இணைத்துச் செய்யப்படும் வெண்பொடி. கிரீம், முடிக்கான ஜெல், சானிடைசர் ஆகியவற்றைக் கெட்டியாக்க 0.1 முதல் 0.5 சதவீதமே பெரும்பாலும் போதும். பொடியை மொத்தமாகக் கொட்டினால் மேற்புறம் மட்டும் நனைந்து, உள்ளே உலர்ந்த கட்டிகள் தங்கிவிடும்; நீரைக் கலக்கியபடியே தூவ வேண்டும். அப்போது கிடைப்பது கலங்கலான, நீர்த்த அமிலக் கரைசல்தான். அதில் சோடியம் ஹைட்ராக்சைடோ டிரைஎத்தனாலமைனோ சிறிது சிறிதாகச் சேர்ந்ததும் அருமையான மாற்றம் நிகழ்கிறது: கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்க, சுருண்டிருந்த இழைகள் நீரை ஏற்று விரிகின்றன, கலங்கல் மறைந்து கண்ணாடிபோல் தெளிந்த கூழ் உருவாகிறது. உப்பு இதற்குப் பகை. அதன் அயனிகள் அந்த விலக்கத்தைக் குறைப்பதால் கூழ் இளகும். தோலில் வியர்வை உப்பு பட்டதும் ஜெல் நீர்த்துப் பரவுவதும் இதனால்தான். உப்பு மிகுந்த ஷாம்புகளுக்கு வேறு வகைக் கெட்டிப்பொருள்களே ஏற்றவை. 2020-இல் சானிடைசர் தேவை பெருகியபோது கார்போமருக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.