கோயில் இல்லாத காலத்துக் குத்துவிளக்கு

1950ஆம் ஆண்டில் திருகோணமலை நகரசபையார் கிணறு வெட்டுவதற்காக நிலத்தை அகழ்ந்தனர். நீர் தேடிய மண்வெட்டிக்குத் தெய்வங்கள் அகப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள், கலையழகு சற்றும் குன்றாதனவாய் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பகைவர் கைப்படாதிருக்கவேண்டுமென்று யாரோ புதைத்து வைத்தவை அவை. புதைத்தவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. இடித்தவர் பெயரைத்தான் குறித்து வைத்திருக்கிறது.

கோணமாமலைக் கோயில் 1622இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. அதன் கற்களைக்கொண்டே கொன்ஸ்தந்தீனு த சா என்னும் தளபதி 1624 அளவில் கோட்டை எழுப்பினான். இணைக்கயல் பொறித்த கல்லொன்று இன்றும் பிரெட்றிக் கோட்டை வாயிலில் நின்று அதற்குச் சான்று பகர்கின்றது. இதனை மதவெறியின் செயல் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுதல் வரலாற்றறிவு ஆகாது. வங்கக் கடலைக் கையகப்படுத்த விரும்பிய வணிக வல்லரசு எதுவாயினும் அதற்கு இத்துறைமுகம் வேண்டியிருந்தது. 1620இல் டேனியர் இங்கே காலூன்ற முயன்றனர். கண்டியரசன் இவ்வழியே அயலாரோடு உறவு கொள்ளக்கூடும் என்ற அச்சமும் பறங்கியருக்கு இருந்தது. மலைமேல் நின்ற கோயில் அவர்கள் கண்ணுக்குக் கோட்டைக்குரிய இடமாகவும், கல்லாகவுமே தோன்றிற்று. சிலுவையை முன்னே பிடித்துச் சென்றவர்களின் பின்னே சரக்குக் கப்பல் நின்றது.

1639இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறின, கோட்டை மாறவில்லை. புதிய கோயிலில் அத்திருமேனிகள் மீண்டும் நிறுவப்பெற்றது 1963 மார்ச் 3ஆம் நாளில். இடைப்பட்ட 341 ஆண்டுகளும் இச்சமயம் எங்கே வாழ்ந்தது?

ஒரு பகுதி தம்பலகாமத்தில் வாழ்ந்தது. காப்பாற்றப்பட்ட திருமேனி அங்கே எழுந்த ஆதிகோணநாயகர் கோயிலை அடைந்தது என்பது ஊர் மரபு. ஒரு பகுதி வெறும் பாறைமீது வாழ்ந்தது. மாலைப் பொழுதில் மலை விளிம்பில் நின்று, பூவும் பழமும் வெற்றிலையும் கடலில் இட்டு வழிபட்ட பூசகரை 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயணிகள் கண்டு எழுதினர். ஆனால் பெரும் பகுதி வாழ்ந்த இடம் வீடு.

யாழ்ப்பாணத்திலே வழங்கும் செய்தி ஒன்றை நம் மாணவர் பலரும் கேட்டிருப்பர். விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, அதனைக் கூரையிற் செருகி மறைத்தனராம். ஒல்லாந்தர் ஆட்சியில் பிறப்பும் மணமும் தேவாலயப் பதிவேட்டில் ஏறவேண்டியிருந்தது. ஆகவே வெளியே ஒரு பெயரும் வீட்டிலே ஒரு பெயருமாகப் பலர் வாழ்ந்தனர். அந்நாளில் சமயம் என்பது குத்துவிளக்கு, ஒரு சிட்டிகை திருநீறு, பட்டினி கிடந்த ஒரு வேளை என்னுமளவிற் சுருங்கிவிட்டது. சுருங்கியதனாலேயே அது பிழைத்தது. கோபுரத்தை இடிக்கப் பீரங்கி போதும். அடுப்படியில் நின்று பாட்டி பேர்த்திக்குச் சொன்னதை இடிக்கப் பீரங்கியால் இயலாது. அக்காலத்தின் உண்மையான குருமார் நம் வீட்டுப் பெண்களே. அவர்களுக்குச் சிலை வைத்தவர் எவருமிலர்.

திருகோணமலையின் நவராத்திரிக் கும்பவிழாவையும் இங்கே நினைக்கவேண்டும். தெருவோரத்திலும் வளவுகளிலும் ‘கும்பத்துமால்’ என்னும் கொட்டில் அமைத்து, தானியங்களை விதைத்து, முளை பசுமையாய் எழும்வரை காத்திருந்து, இறுதியில் பறையொலியுடன் கும்பத்தை ஊர்வலமாக எடுத்துச் செல்வர். அதற்குக் கோபுரமும் வேண்டியதில்லை; மானியமும் வேண்டியதில்லை. மண்ணும் விதையும் இளைஞர் தோளும் இருந்தாற் போதும்.

உலகின் மற்றோர் மூலையைப் பார்ப்போம். இன்றைய பிரான்சில் அன்று வாழ்ந்த கோலியரை உரோமத் தளபதி சீசர் கி.மு. முதல் நூற்றாண்டில் வென்றான். அவர்களுடைய குருமார் தம் போதனைகளை எழுத்தில் வைப்பதில்லை என்று அவனே எழுதியிருக்கிறான். நாளடைவில் மொழியும் வழிபாடும் மறைந்தன. 1897இல் கொலினி என்னும் ஊரில் வெண்கலத் துண்டுகள் சில மண்ணிலிருந்து கிடைத்தன. அவை கோலிய மொழியில் அமைந்த பஞ்சாங்கம். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர், அத்தகைய கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் துணைக்கொண்டு, வீட்டு மூலையில் சிறு பீடம் அமைத்து, எப்போனா முதலிய பழந்தெய்வங்களுக்கு விளக்கேற்றுகின்றனர். அங்கும் வெண்கலம், இங்கும் வெண்கலம். ஆயினும் வேறுபாடு பெரிது. அங்கே சொல்லித்தரப் பாட்டி இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் வழிபாட்டைத் தாமே ஆராய்ந்து கட்டவேண்டியிருக்கிறது. இங்கே நூல் அறவில்லை. கிணற்றிலிருந்து வெளிவந்த திருமேனியைக் கண்டவுடன் கைகூப்ப ஊராருக்கு ஒருவரும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

ஆனால் மீட்டெடுத்தல் எங்கும் ஒரு தெரிவுதான். எதை மீட்பது, யாருக்காக மீட்பது என்ற வினா அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆறுமுக நாவலர் (1822–1879) பள்ளி நிறுவினார், அச்சுக்கூடம் அமைத்தார், வீட்டில் நாள்தோறும் செய்யவேண்டியவற்றை வினாவிடையாக்கிச் சிறுவர் கையிற் கொடுத்தார். பாதிரிமாரின் கருவியைக்கொண்டே அவர்களுக்கு விடையிறுத்த அந்த ஆற்றலை நாம் மதிக்கிறோம். அதேவேளை, அவர் வகுத்த ஒழுங்கு சாதிப் பிரிவை மறுக்கவில்லை, ஏற்றுக்கொண்டது. அதன் விளைவு என்ன? பறங்கியர் காலத்தில் எல்லாருமே கோயிலுக்கு வெளியே நின்றனர். கோயில்கள் மீண்டபின் சிலர் உள்ளே போயினர்; பலர் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவேண்டியிருந்தது. அம்முறை கதவை அடைத்து நின்றவர் பறங்கியர் அல்லர்.

கோயிலை இடித்தவனைப் பற்றி வகுப்பறையில் சொல்லும்போது, இன்று நம் பக்கத்து வீட்டில் வாழும் கத்தோலிக்கத் தோழனை அதற்குக் கணக்குக் கேட்கும் பேதைமை மாணவர் உள்ளத்தில் முளைக்க இடங்கொடுத்தலாகாது. துறைமுகத்தை விரும்பிய வல்லரசும், கோயில் திறவுகோலை இடுப்பிற் செருகிக்கொண்ட உயர்சாதியும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். பொதுமக்களுடையதைத் தமதாக்கிக்கொள்வதே இரண்டின் தொழிலும்.

விளக்கேற்ற எவருடைய அனுமதியும் தேவைப்படாத இடமாக வீடு இருந்தது. மூன்று நூற்றாண்டு சமயத்தைக் காத்தது அந்த உரிமையே. மீண்டெழுந்த கோயிலுக்கு அந்த வீடுகள் கற்பிக்கவேண்டிய பாடமும் அதுவே.