செக்குபந்திக்குள் ஒரு நாய்

வலையபட்டியில் எங்கள் ஐயா வீட்டை விற்பது என்று பங்காளிகள் பதினொரு பேரும் ஒருவழியாக ஒத்துக்கொண்ட பிறகு, தாய்ப்பத்திரத்திலிருந்து பாகப்பிரிவினை வரைக்குமான காகிதக் கட்டைப் படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அந்தத் தமிழே தனி. முதலில் செக்குபந்தி வரும்: கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு என்று நான்கு எல்லைகள். அப்புறம் அந்த எல்லைக்குள் என்னென்ன கைமாறுகிறது என்ற பட்டியல். நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு வகை உரிமைகள். மண்ணுக்குள் இருக்கிற புதையல், தண்ணீர், கல், இனிமேல் வரப்போகிற பலன் எல்லாம் அதில் அடக்கம். யாரும் கண்ணால் பார்க்காத புதையலுக்குக்கூட அங்கே இடம் இருக்கிறது. பத்து வருஷமாக முகப்புத் திண்ணையில் படுத்துக்கிடக்கிற செவலை நாய்க்கு இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்திரம் எதைக் கணக்கில் எடுக்கும், எதை எடுக்காது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. விலங்குகள் நம் ஆவணங்களுக்கு அந்நியம் கிடையாது. சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். பிடி சூழ்தல் என்று அதற்குப் பேர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோதும் இப்படித்தான் நடந்தது. உடும்பு ஓடுகிற இடம், ஆமை தவழ்கிற இடம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம் என்று எழுதுவதும் செப்பேட்டு வழக்கம். ஆனால் கவனியுங்கள்: யானை அளவுகோல், உடும்பும் ஆமையும் நிலத்தின் அடையாளம். வீட்டுக்காரர் கையால் சோறு தின்ற விலங்கு இந்தப் பட்டியலிலும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இன்னும் கறார். வீட்டை விற்றால் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல் எல்லாம் வாங்குகிறவருக்குப் போய்விடும் என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. வேரூன்றிய மரமும் அப்படியே. நாய் வேர் விடாது. அது அசையும் சொத்து. வீட்டைக் காலி பண்ணுகிறவர் கூடவே கூட்டிக்கொண்டு போகவேண்டியது.

செட்டிநாட்டில் நடப்பது இதற்கு நேர்த்தலைகீழ். இங்கே அசையாச் சொத்துத்தான் அசைகிறது. நிலைக்கதவு, பர்மாத் தேக்குத் தூண், ஜன்னல் கம்பி எல்லாம் தனித்தனியாகக் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. நாய் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இது எப்படி வந்தது? ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லை. ஆண்கள் கொண்டுவிக்க மூன்று வருஷக் கணக்கில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். கொல்லையில் பசு, நெல் இருக்கிற அறைப் பக்கம் பூனை, வாசலில் நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், 1948-இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது. வட்டியும் போயிற்று, நிலமும் போயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குக் கிளம்பினார்கள். வீடு பூட்டப்பட்டது.

பூட்டும்போது முதலில் வெளியேறியது பசு. அதற்கு விலை இருந்தது, வாங்க ஆள் இருந்தது. பூனையை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அது பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவிக்கொண்டது. விலையும் இல்லாமல் வீட்டை விட்டுப் போகவும் தெரியாமல் நின்றது நாய். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பொறுப்பில் அது வந்து சேர்ந்தது. பெரிய வீடுகளின் வரலாற்றில் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் பேசப்படுகிற அளவுக்கு, பூட்டிய வீட்டு நாய்க்குத் தன் சோற்றில் பங்கு போட்ட இந்த மனிதர்கள் பேசப்படுவதில்லை.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைத் தகுந்த காரணமில்லாமல் கைவிட்டுப் போவது அதன் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இன் ரூபாய்! அதைவிடப் பெரிய சிக்கல் வேறு: பதினொரு பங்கு உள்ள வீட்டில் நாய் யாருடையது? சுவரைக்கூட அங்குலக் கணக்கில் பிரித்திருக்கிறோம். நாயை யாரும் தன் பங்கு என்று எழுதிக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் சொந்தமானது கடைசியில் யாருக்கும் சொந்தமில்லை.

கூட்டிக்கொண்டு போவதும் லேசில்லை. ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் ஒரு கூபே முழுசும் வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள கூண்டு. அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடைபோட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும், கொல்லை வழியாகத் தெருத்தெருவாகச் சுற்றிய கிழட்டு நாயை ஐந்தாவது மாடியில் அடைத்தால் அது என்ன பண்ணும்?

புதுவீடு புகும்போது பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே விடுகிறோம். மாடு வளர்க்காதவர்கள் வாடகைக்காவது பிடித்து வருகிறார்கள். நுழைவதற்கு இவ்வளவு சடங்கு வைத்த நாம், வெளியேறும்போது விலங்குக்கு என்று ஒன்றுமே வைக்கவில்லை.

எங்கள் வீட்டு விஷயத்தை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் கேட்டார். “செவலைய நான் வச்சுக்குறேன் தம்பி. அது எனக்குப் புதுசில்ல. ஊசிக்கும் சோத்துக்கும் யாரு தருவா, அதச் சொல்லுங்க.” கிரயத் தொகையைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு தொகையை எடுத்து அக்கா பேரில் வங்கியில் போடலாம் என்றேன். “நாய்க்குமாப்பா பங்கு?” என்றார் ஆச்சி. “பங்கு இல்ல ஆச்சி, கூலி பாக்கி” என்றேன். வட்டிக்கடைக் கணக்குப் பார்த்த குடும்பம். பாக்கி என்ற சொல்லுக்கு மறுபேச்சு வரவில்லை. பதினொரு பேரும் தனித்தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

தூண்களைக் கழற்ற ஆள் வருவதற்கு ஒரு மாசம் முன்னாலேயே நாயின் சாக்கும் சட்டியும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டன. சோறும் அங்கேதான். ஆனாலும் மத்தியானத்தில் அது இன்னும் பழைய திண்ணைக்கு வந்துதான் படுக்கிறது. சாயங்காலம் அக்கா போய் ஒரு குரல் கொடுத்தால் எழுந்து பின்னால் நடக்கிறது.