ரயில் இடித்த சத்திரம், ரயில் வளைவுக்குள் பியர்

லண்டன் பாலத்தின் தென்முனையில் சவுத்வார்க். தெற்கிலிருந்து நகருக்கு வந்த குதிரை வண்டிகள் இங்கே வந்து நின்றன. வண்டி நின்ற இடத்தில் சத்திரங்கள் பெருகின. அந்த வரிசையில் எஞ்சியது ஜார்ஜ் இன் மட்டும்தான். 1676ஆம் ஆண்டுத் தீயில் பழைய கட்டடம் போக, மறு ஆண்டே திரும்பக் கட்டினார்கள். முற்றத்தைப் பார்த்த மரத் தாழ்வாரங்களோடு லண்டனில் இன்று நிற்கும் ஒரே வண்டிச் சத்திரம் இது. அதுவும் முழுசாக இல்லை. ரயில் வந்து குதிரை வண்டியின் பிழைப்பைக் கெடுத்தது. போதாக்குறைக்கு, கிரேட் நார்தர்ன் ரயில்வே 1889இல் கிடங்குக்காக இரண்டு பக்கங்களை இடித்தது. தப்பிய தெற்குப் பக்கம் 1937இல் பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டிடம் வந்து சேர்ந்தது.

ஒரு ரயில் இடித்தது என்றால், இன்னொன்று கூரை கொடுத்தது. 1836இல் ஓடத் தொடங்கிய லண்டன்-கிரீனிச் பாதை தரையைத் தொடாமல் 878 செங்கல் வளைவுகளின் மேல் போனது. கிழக்கே பெர்மாண்ட்ஸியில் அப்படியோர் ரயில் வளைவுக்குள் 2009இல் கெர்னல் என்ற பியர் ஆலை தொடங்கியது. பின்னாலேயே பலர் வந்தார்கள். சனிக்கிழமைகளில் ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்குக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஜார்ஜில் தாழ்ந்த உத்தரம், சாய்ந்த தரை, சின்னச் சின்ன அறைகள். பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றும் பியர். அளவு 568 மில்லி பைன்ட். நிலவறைக் குளிர்ச்சிதான் இருக்கும், பனிக்குளிர் பியருக்குப் பழகியவர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள். வளைவுகளில் நீள பெஞ்சு, கரும்பலகையில் அன்றைய பட்டியல், முதுகுக்குப் பின்னால் எஃகுத் தொட்டிகள். காட்டமான வகைகளை மூன்றிலொரு பைன்ட்டாகவும் வாங்கலாம். பேச்சும் பெரும்பாலும் பியரைப் பற்றியே. எனக்கு அது சீக்கிரம் அலுத்துவிடும்.

இவற்றில் எது மரபு? ஜார்ஜின் சுவர் பழசு. ஆனால் அங்கே கடை நடத்துவது சஃபோக்கின் பெரிய மது நிறுவனமான கிரீன் கிங். அதே நிறுவனத்தின் பியர் நாடெங்கும் கிடைக்கும். கெர்னலின் ஸ்டவுட் புட்டிகளிலோ ‘லண்டன் 1890’, ‘லண்டன் 1856’ என்று பெயர். அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய பியர் ஆலைகளில் ஒன்றான பார்க்ளே பெர்கின்ஸ் இந்த சவுத்வார்க்கில்தான் கரிய பியரைக் காய்ச்சியது. பியருக்குக் கசப்பு தரும் கென்ட் தோட்டத்து ஹாப்ஸ் கைமாறிய ஹாப் எக்ஸ்சேஞ்ச் கட்டடமும் இங்கேயே நிற்கிறது. பழங்காலத்தில் உட்கார ஆசையென்றால் ஜார்ஜுக்குப் போகலாம். குடித்துப் பார்க்க வளைவுதான் சரி.

ஆபத்திலும் இரண்டும் சமமில்லை. ஜார்ஜ் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஓர் உத்தரத்தை மாற்றவும் அனுமதி வேண்டும். வளைவுக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். 2019இல் வளைவுகளின் உரிமையாளரான நெட்வொர்க் ரயில் தன் வணிக இடங்களை, நாடெங்கும் உள்ள வளைவுகளோடு, 146 கோடி பவுண்டுக்கு முதலீட்டாளர்களிடம் விற்றுவிட்டது. வாடகை ஏறினால் தொட்டிகளைக் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.