ஒன்பதாவது இன்னிங்ஸின் சுமை: மாற்றுப் பந்தெறிவாளர் மீதான எதிர்பார்ப்பின் வரலாறு

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில், முன்னிலையைக் காக்கத் தவறும் மாற்றுப் பந்தெறிவாளர்மீது ரசிகர்கள் காட்டும் கடுமை, 1960-க்குப் பிந்தைய ஒரு கணக்கு முறையோடும் அதையொட்டி அணிகள் வகுத்த பணிப் பகிர்வோடும் சேர்ந்தே வளர்ந்தது. ஆட்டத்தைத் தொடங்கிய பந்தெறிவாளர் களைத்தபின் இறக்கப்படுபவர் மாற்றுப் பந்தெறிவாளர் எனப்படுவார். தொடங்கியவரே ஒன்பது இன்னிங்ஸையும் எறிந்து முடிப்பது பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில், இந்த இடம் பெரும்பாலும் வயது முதிர்ந்தோருக்கும் தொடக்க வரிசையில் சேராதோருக்கும் உரியதாக இருந்தது. வாஷிங்டன் அணி 1924-ல் வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதித் தொடரை வெல்லத் துணைநின்ற ஃபிர்ப்போ மார்பெரியும், 1950-ல் நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்ற பிலடெல்பியாவின் ஜிம் கான்ஸ்டான்டியும் இந்த மதிப்பீட்டை ஓரளவு மாற்றினர். ஆயினும் மாற்று வீரரின் தவற்றை எண்ணிவைக்கும் தனிக் கணக்கு அன்று இருக்கவில்லை.

பிட்ஸ்பர்க் அணியின் எல்ராய் ஃபேஸ் 1959-ல் 18 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கைப் பெற்றபோது, அவற்றுள் சில, அவரே முன்னிலையை இழந்து, பின்னர் சக வீரர்களின் அடியால் மீண்ட வெற்றிகள் என்பதைச் சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் கவனித்தார். சிறிய முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்கு அவர் வகுத்த 'சேவ்', அதாவது 'காப்பு' என்னும் அளவு, 1969-ல் அதிகாரப்பூர்வ கணக்கில் இடம்பெற்றது. மாற்று வீரருக்கு நியாயம் செய்யப் பிறந்த இந்த அளவே பின்னாளில் அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றும் கருவியாயிற்று. காப்புக்கு எண் வந்தபின், கைநழுவிய காப்புக்கும் எண் வருவது தவிர்க்க முடியாததாயிற்று.

ஓக்லாந்து அணியின் மேலாளர் டோனி லா ரூசா, 1988 முதல் டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டுமே இறக்கியபோது, 'குளோசர்' எனப்படும் முடிப்பாளரின் பணி இன்றைய வடிவத்தை அடைந்தது. கடைசி மூன்று பேரை வெளியேற்றுவதே ஒருவரின் முழுப் பணி என்றானதும், எட்டாவது இன்னிங்ஸ் முடிவில் இருந்த முன்னிலையை ரசிகர் கைக்கு வந்துவிட்ட வெற்றியாகவே எண்ணத் தலைப்பட்டார். ஆனால் அத்தகைய முன்னிலை ஏறத்தாழ 95 விழுக்காடு வெற்றியில் முடிவது முடிப்பாளர் முறைக்கு முன்பும் உண்மையாகவே இருந்தது. 652 காப்புகளுடன் இத்துறையில் முதலிடம் வகிக்கும் மரியானோ ரிவேராவும் தம் வாய்ப்புகளில் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றை இழந்தவரே. இவ்வெண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், குறையற்ற முடிப்பாளரை எதிர்பார்ப்பது ஆட்டத்தின் இயல்புக்கே ஒவ்வாதது என்பது விளங்கும்.

அந்த எதிர்பார்ப்பின் கொடிய முகம் 1993-ல் வெளிப்பட்டது. அப்பருவத்தில் 43 காப்புகள் பெற்ற பிலடெல்பியாவின் மிட்ச் வில்லியம்ஸ், வேர்ல்ட் சீரிஸின் நான்காம் ஆட்டத்தில் முன்னிலையை இழந்ததற்காகக் கொலை மிரட்டலுக்கு ஆளானார். ஆறாம் ஆட்டத்தில் அவர் பந்தில் எதிரணியின் ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன் தொடரையே முடித்துவைத்தபின், வில்லியம்ஸ் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

அதே நகரம் பிராட் லிட்ஜின்வழி மற்றொரு பாடத்தைக் கண்டது. 2008 பருவத்தில் 41 வாய்ப்புகளையும் அதன்பின் இறுதிச் சுற்றுகளில் 7 வாய்ப்புகளையும் ஒன்றுகூடத் தவறாமல் காத்த அவர், வேர்ல்ட் சீரிஸை அணி வென்ற அக்டோபர் 29 இரவு கடைசி மட்டையாளர் பந்தைத் தவறவிட்டதும் எறிமேட்டின்மேல் முழங்காலிட்டு இரு கைகளையும் உயர்த்தினார். அடுத்த ஆண்டு முழங்கால் காயமும் சேர, 11 காப்புகளை இழந்து, ஒரு வெற்றியும் இன்றி 8 தோல்விகளைச் சந்தித்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 7.21 ஆயிற்று. முந்தைய ஆண்டின் முழுமையே அவருக்கு அளவுகோலாகிவிட்டதால், 31 ஆட்டங்களை அவர் காத்ததும் பேச்சில் இடம்பெறவில்லை. மேலாளர் சார்லி மேனுவல் அவரை நம்பியதைப் பலர் பிடிவாதம் என்றனர். அணியோ அவரோடு மீண்டும் வேர்ல்ட் சீரிஸை எட்டியது.

நியூயார்க் மெட்ஸின் எட்வின் தியாஸ் 2019-ல் 5.59 என்ற சராசரியோடு சொந்தத் திடலிலேயே கூச்சலுக்கு ஆளானார். மூன்றாண்டுகளுக்குப் பின், 2022-ல், அவருடைய சராசரி 1.31 ஆயிற்று; எக்காள இசை முழங்க அவர் ஓடிவந்தபோது அதே திடல் எழுந்து நின்று வரவேற்றது.