சதுரம் சதுரமாக உடைந்த முகங்கள்

மலேசியாவில் 2000 வாக்கில் எங்கள் தாமானில் விசிடி பிளேயர் இல்லாத வீடு குறைவு. பாசார் மாலாமில் காய்கறிக் கடைக்குப் பக்கத்திலேயே சிடி கடை இருக்கும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு வட்டு, நீளமான படமென்றால் மூன்று. “அடுத்த சிடிய போடு” என்று யாராவது குரல் கொடுப்பதுதான் எங்களுக்கு இடைவேளை. கீறல் விழுந்த இடத்தில் கதாநாயகன் முகம் சதுரம் சதுரமாக உடையும். படம் மட்டும் நிற்காது.

இது தற்செயல் அல்ல. ஃபிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி ஆகியவை 1993இல் விசிடிக்கான வரையறையை உருவாக்கியபோது தெரிந்தே செய்த பேரம் இது.

வட்டு பழசுதான். 1982இல் பாட்டுக்காகச் சந்தைக்கு வந்த அதே சிடி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகும் ஒரே தடம், சுற்றுக்குச் சுற்று 1.6 மைக்ரான் இடைவெளி. பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் நுண்ணிய குழிகள். குழி என்றால் 1, மேடு என்றால் 0 என்று பலர் எழுதுகிறார்கள், அப்படி இல்லை. குழியின் விளிம்புதான் 1. மற்ற இடமெல்லாம் 0.

74 நிமிடப் பாட்டுக்கான இடத்தில் 74 நிமிடப் படத்தை அடைக்க வேண்டும். எம்பெக்-1 சுருக்கமுறை படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதியது. அதனால்தான் ஒரு கட்டம் கெட்டால் அடுத்த முழுப்படம் வரும்வரை அந்தக் கறை கூடவே நகரும். அப்படியும் இடம் போதவில்லை. எல்லா சிடியிலும் பிழைதிருத்த இரண்டு அடுக்குக் காவல் உண்டு. கணினித் தரவு வட்டில் மூன்றாவதும் உண்டு. அதில் ஒரு பகுதிக்கு 2048 பைட்டுதான் தரவு. விசிடி மூன்றாவது காவலைக் கைவிட்டு 2324 பைட்டை எடுத்துக்கொண்டது. மென்பொருளில் ஓர் எழுத்து பிசகினாலும் கதை முடிந்தது. படத்தில் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். என்னைக் கேட்டால் நேர்மையான கணக்குதான்.

பிறகு டிவிடி வந்தது, நெருக்கமான தடம், 4.7 கிகாபைட், முழுப்படமும் ஒரே வட்டில். திருட்டு வட்டுகளைக் கட்டுப்படுத்த மலேசியா 2000இல் ஒளிவட்டுச் சட்டமே இயற்றியது.

சினிமாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது வேறெங்காவது இருக்கும். கல்யாணம், காதுகுத்து, இப்போது இல்லாத தோட்டங்களின் கோயில் திருவிழா எல்லாம் கடைக்காரர் கணினியில் எழுதித் தந்த வட்டுகளில் இருக்கின்றன. அவற்றில் குழியே கிடையாது. லேசர் சுட்ட சாயம்தான். வெயிலிலும் சூட்டிலும் அது மங்கும். மூன்றாவது காவலும் இல்லை. பெயர் எழுதும் பக்கம் இன்னும் மோசம்: மெல்லிய பூச்சுக்கு நேர்கீழே தரவு. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ‘அக்கா கல்யாணம்’ என்று எழுதியிருந்தால் அந்த இடம் போயிருக்கலாம்.

வட்டைக் கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்றொரு கோப்புறை தெரியும். உள்ளே ‘டேட்’ என்று முடியும் கோப்புதான் படம். போன வாரம் ஒன்றை நகலெடுத்தேன். பந்திக் காட்சியில் பாட்டியின் முகம் ஐந்தாறு கட்டமாக உடைந்து, சேர்ந்து, திரும்ப உடைந்தது.