மகமையும் கிணறும்

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. இங்கே அன்று மனிதர் ஆரோக்கியம் கிணற்றைப் பொறுத்திருந்தது. யாருக்கு எந்தக் கிணறு என்பது சாதியைப் பொறுத்திருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் நாடார்களுக்குக் கோயில் வாசல் மூடியிருந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததால் வழக்கு வந்தது. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பேட்டை இருந்தது, உறவின்முறை இருந்தது. வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு தொகை ஒதுக்கி, அந்தப் பொதுப்பணத்தில் கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இலேயே வந்துவிட்டது.

கூலிக்கு உழைத்த பள்ளர், பறையர், அருந்ததியர் எதிலிருந்து மகமை எடுப்பார்கள்? ஊர்க் கிணற்றில் வாளி போட அவர்களுக்கு அன்று உரிமை இருக்கவில்லை. யாராவது இறைத்து ஊற்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் மாடு இறங்கும் குட்டைதான். வாந்திபேதியும் நரம்புச் சிலந்தியும் தண்ணீர் வழியே வருபவை. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகே பொதுக்கிணற்றில் தடுப்பது நாடெங்கும் குற்றமாயிற்று. நரம்புச் சிலந்தி தமிழ்நாட்டை விட்டு ஒழிந்தது 1980-களில்.

பிரெஞ்சுப் பள்ளியில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மூன்று சொல் படித்தேன். உறவின்முறை அந்த மூன்றாவது சொல்தான். ஒரு சாதிக்குள் நின்றபோதே அது கிணறு வெட்டியது. சாதி தாண்டியிருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்! உங்கள் ஊர்க் கிணற்றின் கதையைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.