முரணியக்கம் ஆஸ்பத்திரிக்குள் வந்த கதை

டயலெக்டிக்ஸ் என்ற சொல் தமிழில் பெரும்பாலும் கட்சி வகுப்புகள் மூலம் பரவியது. இயக்கவியல் என்றார்கள், இயங்கியல் என்றார்கள், முரணியக்கம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். சிறுபத்திரிகைக்காரர்கள் அதை வைத்து வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அதே சொல் வேறொரு வாசல் வழியாக மனநோய் மருத்துவத்துக்குள் நுழைந்து, கோபத்தையும் துக்கத்தையும் தாங்கமாட்டாமல் தன்னையே அழித்துக்கொள்ள முனைகிறவர்களுக்கான சிகிச்சை ஒன்றின் பெயராகிவிட்டது: டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. முரணியக்க நடத்தைச் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம்.

இதை உண்டாக்கியவர் மார்ஷா லினஹன். 1961இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டவர். ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், தனியறையில் பூட்டினார்கள். 26 மாதம் கழித்து வெளியே வந்தார். பின்னால் உளவியல் படித்து, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தன் முறையின் சோதனை முடிவுகளை 1991லும் பாடநூலை 1993லும் வெளியிட்டார். தானும் நோயாளியாக இருந்ததை 2011இல், அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய்த்தான், உலகத்துக்குச் சொன்னார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் சுவாரஸ்யமானது. நடத்தைச் சிகிச்சை 'மாறு' என்று சொல்லும். நோயாளிக்கு அது 'தப்பு உன்னுடையது' என்று கேட்கும், பாதியில் போய்விடுவார். சரி, உள்ளபடி ஏற்றுக்கொள்வோம் என்றால், 'அப்படியானால் என் வேதனைக்கு விடிவே இல்லையா' என்று இன்னொரு பக்கம் வெடிக்கும். ஏற்பும் மாற்றமும் ஒரே அமர்வில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இதற்கு டயலெக்டிக்ஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய அலுவலக உதவியாளர். அந்த அம்மாளின் கணவர் மார்க்சியத் தத்துவம் படித்தவர். சொல் நம்மிடம் வந்த பாதையும் அங்கே போன பாதையும் ஒரே இடத்தில் பிரிந்தவைதான்.

ஏற்பு என்ற பாதியை லினஹன் ஜென்னிலிருந்து எடுத்தார். அவருடைய குருமார்களில் ஒருவர் ஜெர்மன் பாதிரியார் வில்லிகிஸ் யேகர். யேகரின் குரு ஜப்பானில் கமக்குராவின் யமதா கோவுன். அதே யமதாவிடம் பயின்ற தமிழ் ஏசுசபைத் துறவி ஆமா சாமி, 1996இல் கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் போதி ஜென்டோவைத் தொடங்கினார். உடனே காஞ்சிபுரத்துப் போதிதர்மரை இழுத்துவந்து 'எல்லாம் இங்கிருந்து போனதே' என்று மார்தட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு தியானப் பயிற்சியை வாரக் கணக்குள்ள வகுப்பாக, வீட்டுப்பாடமாக, பரிசோதித்து எண்ணிப் பார்க்கக்கூடிய முறையாக ஆக்கியது அங்கே நடந்த வேலை.

வகுப்பில் நான்கு பாடங்கள்: விழிப்பாகக் கவனித்தல், வேதனையைத் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், மனிதர்களிடம் வேண்டியதைக் கேட்டு வாங்குதல். கொந்தளிப்பின் உச்சத்தில் முகத்தில் குளிர்ந்த நீரை வை என்கிறார்கள். இதயத்துடிப்பு தணியும், உடம்பின் இயல்பு அது. கொந்தளிப்பு அடங்கியபின் முக்கியமான வேலை: நடந்ததைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, எது எதைத் தூண்டியது என்று எழுதிப் பார்ப்பது. சிகிச்சையாளர்களும் வாராவாரம் தங்களுக்குள் கூடித் தங்கள் தடுமாற்றத்தைப் பேசியாக வேண்டும் என்பது விதி. இது எனக்கு மிகப் பிடித்த விதி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இங்கே ஞாபகம் வராமல் போகாது. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். வெகுளிக்குச் சொன்ன நான்கும் பிறர் நமக்கோ நம்மவர்க்கோ செய்யும் கொடுமைகள்: உறுப்பை அறுத்தல், குடியை வருத்துதல், அடியும் வசையும், கொலை. அழுகைக்குச் சொன்ன நான்கில் வறுமையும் ஒன்று. உணர்ச்சிக்கு வெளியே ஒரு களம் உண்டு என்பது நம் இலக்கணக்காரனுக்குத் தெரிந்திருந்தது. லினஹனும் பாதிப் பழியைச் சூழலின் மேல்தான் வைக்கிறார்: பிறவியிலேயே மெல்லிய தோல், அதோடு 'உனக்கென்ன குறை, சும்மா கிட' என்று சொல்லும் வீடு.

ஓசூர் இந்த விஷயத்துக்குப் பொருத்தமான இடம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு. பழைய மைசூர் அரசு மனநோய் மருத்துவமனையையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகத்தையும் சேர்த்து 1974இல் உண்டானது அது. மறுதிசையில் கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் வேலூர். அங்கே பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை செய்கிறது. இரண்டுக்கும் நடுவே 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன். இன்று செல்போன் உதிரிபாகம் செய்ய ஜார்க்கண்டிலிருந்துகூடப் பெண்கள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரே காலையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஹிந்தி ஐந்தும் கேட்கிறது. இத்தனை மொழிகளில் எதில் ஒருத்தி தன் வேதனையைச் சொல்வாள், யாரிடம்?

நெடுநாள் அதைக் கேட்கும் இடம் போலீஸ் ஸ்டேஷனாகவே இருந்தது. 1860இன் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவில் தற்கொலை முயற்சிக்கு ஓராண்டுவரை சிறை வைத்தது. 2017இன் மனநலச் சட்டம்தான் அதைக் கடும் மன அழுத்தமாகக் கருதச் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் (14416) தமிழிலும் பேசுகிறது.

இடதுசாரி நண்பர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: வெகுளியின் களம் ஷிப்டிலும் விடுதியிலும் இருக்கும்போது, முகத்தில் தண்ணீர் வைக்கச் சொல்வது முதலாளிக்குச் செய்யும் சேவையல்லவா? வெறும் நிதானத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தொழிற்சாலைப் பயிற்சி வகுப்பில் விற்றால், ஆம், சேவைதான். அது பாதியை வெட்டி எறிந்த முரணியக்கம். ஆனால் நான்காவது பாடம், வேண்டியதைக் கேட்பதும் வேண்டாததை மறுப்பதும், சங்கம் வைக்கிறவனுக்கும் தேவையான பாடம். வாரம் ஓர் அமர்வு, ஒரு வகுப்பு, ஓராண்டு என்ற இந்தச் சிகிச்சைக்கு ஷிப்டுக்காரி எப்படி லீவு எடுப்பாள் என்பதே சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. களம் மாற நாளாகும். அதுவரை அவள் உயிரோடு இருக்க வேண்டும். இதைச் சமரசம் என்று சொல்லும் டயலெக்டிக்ஸ் எனக்கு வேண்டாம்.